அட்ஜஸ்ட் என்றால் ஒரு பாக்கெட் வர்க்கி: குடும்ப ஆலோசகர்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஜூனில் டைம்டேபிள் ஒட்டும்போது உங்கள் பெயருக்கு நேரே 'குடும்ப ஆலோசனை' தாள் விழுந்திருக்கிறதா? சமூகப்பணித் துறையானாலும் உளவியல் துறையானாலும் இந்தத் தாள் புதிதாக வந்தவர் தலையில்தான் வந்து விழும். "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, நீங்களே எடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 23 வருடம் ஆகிறது. கோத்தகிரியில் வீடு, குன்னூர்ப் பக்கம் கல்லூரி, நடுவில் தினமும் ஒரு மணி நேரம் பஸ். பாதிப் பாடத்தை அந்த பஸ்ஸில்தான் தயாரித்தேன். செய்த தப்புகளை நினைத்து வருத்தப்பட்டதும் அதே பஸ்ஸில்தான்.

முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: "படிச்சு முடிச்சு என்ன பண்ணப் போறீங்க?" பாதிக்கு மேல் ஒரே பதில் வரும்: "பிரிஞ்சவங்களைச் சேர்த்து வைப்பேன் மிஸ்." நல்ல மனசுதான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் மல்லுக்கட்டப் போவது இந்த ஆசையோடுதான். சேர்த்து வைக்கக் கிளம்புகிறவருக்கு முடிவு முன்பே தெரிந்திருக்கிறது. முடிவு தெரிந்தவர் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்பதில்லை, அது எப்போது முடியும் என்றுதான் காத்திருப்பார். அது ஊர்ப் பெரியவர் வேலை. ஊருக்கு அவர்களும் வேண்டும்தான், ஆனால் அதற்கு இரண்டு வருடம் படிக்க வேண்டியதில்லை.

சட்டத்தையும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சமரசத்துக்கு முயல வேண்டிய கடமையை நீதிமன்றத்தின் மேல் வைக்கிறது. 6ஆம் பிரிவு அங்கே ஆலோசகர்களை நியமிக்க வழி செய்கிறது. நம் பிள்ளைகள் சிலர் அங்கே வேலைக்குப் போவார்கள். சமரசம் என்றால் ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. குழந்தை யாரிடம் வளரும், பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று பேசி முடித்து, கண்ணியமாகப் பிரிவதும் சமரசம்தான். இன்னொன்று, நம் நாட்டில் 'திருமண, குடும்ப தெரபிஸ்ட்' என்று தனி உரிமம் கிடையாது. கலிஃபோர்னியாவில் அந்த உரிமம் வாங்க மேற்பார்வையில் 3000 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். இங்கே நாம் போடும் மதிப்பெண்தான் கடைசித் தடுப்பு. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கும்.

சரி, வர்க்கி விஷயம். வர்க்கி என்றால் எங்கள் மலையில் டீயோடு கடிக்கும் மொறுமொறு பேக்கரிப் பண்டம். என் வகுப்பில் மூன்று வாக்கியங்களுக்குத் தடை: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க", "அனுசரிச்சுப் போங்க", "எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான்". பயிற்சியின்போது யார் வாயிலிருந்து வந்தாலும் அவர் எல்லாருக்கும் ஒரு பாக்கெட் வர்க்கி வாங்கித் தர வேண்டும். ஜூலையில் வாரம் இரண்டு பாக்கெட் வரும். செப்டம்பரில் நின்றுவிடும், பிள்ளைகளே வருத்தப்படுவார்கள். ஒரு முறை நானும் வாங்கினேன். விடுதி அறைத் தகராறோடு வந்த ஒரு மாணவியிடம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டேன், பின்னால் நின்றவள் கேட்டுவிட்டாள்.

ஜீனோகிராம்: மதிப்பெண் போடாதீர்கள்

மூன்று தலைமுறைக் குடும்பப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குக் கிடைக்கோடு, பிரிந்திருந்தால் அந்தக் கோட்டின் மேல் ஒரு வெட்டு, விவாகரத்தானால் இரண்டு. பிள்ளைகளை மூத்தவரில் தொடங்கி இடமிருந்து வலமாகப் போட வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். சிக்கல் அதற்கப்புறம்தான்.

பல பாடத்திட்டங்களில் 'மாணவர் தம் சொந்தக் குடும்பத்தின் ஜீனோகிராம் வரைந்து சமர்ப்பிக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். நானும் 20 மதிப்பெண்ணுக்கு அதைக் கொடுத்தேன். வகுப்பின் முன்னால் விளக்கவும் சொன்னேன். ஒரு பெண் அப்பாவுக்குச் சதுரம் போட்டாள். அதன் வலப்பக்கம் அம்மாவுக்கு ஒரு வட்டம். பிறகு சாக்பீஸ் நின்றது. சதுரத்தின் இடப்பக்கம் இன்னொரு வட்டம் போட வேண்டும், அதன் கீழே இரண்டு பிள்ளைகள். அவள் போடவில்லை. சாக்பீஸை டெஸ்கில் வைத்துவிட்டு "முடிஞ்சது மிஸ்" என்றாள். முடியவில்லை என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்தது, ஒரே பகுதிப் பிள்ளைகள் வேறு. அடுத்த மூன்று நாள் அவள் வரவில்லை. அது என் தப்பு. யோசிக்காமல் பாடத்திட்டத்து வரியை அப்படியே செய்ததற்கு வேறு யாரைக் குறை சொல்வது?

குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன், தன் சொந்தக் குடும்பத்துக்குள் தான் செய்து பார்த்ததைத் துறைக்காரர்கள் முன்னால் 1967இல் பேசினார். அப்போது அவருக்கு வயது 54. தானாக விரும்பி எடுத்த முடிவு அது, எதிரில் யாரும் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு 21 வயது, எதிரில் நாம்.

இப்போது நான் செய்வது இது. சொந்தக் குடும்பப் படத்தை வீட்டில் வரையட்டும். நான் வாங்குவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. 'வரையும்போது என் கை எங்கே நின்றது' என்று ஒரு பக்கம் எழுதித் தரலாம், விருப்பம் இருந்தால் மட்டும், மதிப்பெண் இல்லாமல். மதிப்பெண் எல்லாம் நான் கட்டி வைத்திருக்கும் கற்பனைக் குடும்பங்களுக்குத்தான்.

அந்தக் குடும்பங்களை நம் மண்ணிலிருந்து கட்டுங்கள். அமெரிக்கப் பாடநூலில் மாமியார் என்றால் கல்யாணத்தோடு வந்து சேர்ந்த அந்நியர். நம் பக்கம் அக்கா மகளைக் கட்டியவனுக்கு மாமியார் யார்? அவன் கூடப் பிறந்த அக்கா. இதைப் போர்டில் வரையச் சொல்லுங்கள், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். உறவுக்குள் கல்யாணம் என்பதால் கிடைக்கோடு இரட்டைக் கோடாகும். இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடும்போது மூன்றாமவரை உள்ளே இழுப்பார்கள் என்பது போவன் சொன்ன முக்கோணம். இந்த வீட்டில் அந்த மூன்றாவது ஆள் மனைவிக்குத் தாய், கணவனுக்கு அக்கா. யார் பக்கம் சாய்வாள்? பிள்ளைகள் இதிலேயே ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். போடட்டும்.

இன்னொரு குடும்பம், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா இரண்டு பிள்ளைகளோடு இலங்கையிலிருந்து இங்கே வந்து தேயிலை பறித்தார். அவருடைய தங்கை ஹட்டனிலேயே நின்றுவிட்டாள். கடிதம் கொஞ்ச வருடம் வந்தது, அப்புறம் இல்லை. மாணவர்கள் இந்த அண்ணன்–தங்கை கோட்டின் மேல் உடனே 'உறவு அறுந்தது' என்ற குறியைப் போடுவார்கள். பாடநூலில் அது மனக்கசப்பால் ஒதுங்கியவர்களுக்கான குறி. "யாரு அறுத்தது?" என்று கேளுங்கள். இங்கே அறுத்தது சண்டை இல்லை, இரண்டு அரசாங்கங்கள் போட்ட கையெழுத்து. அந்த வீட்டுப் பாட்டி பேத்தியைச் சமவெளியில் கட்டிக்கொடுக்க ஏன் அப்படிப் பயப்படுகிறாள் என்பது இந்த ஒரு கேள்வியில்தான் திறக்கும். நீலகிரியில் பாடம் எடுப்பவருக்கு இந்தக் குடும்பம் எங்கோ இருப்பது இல்லை. மூன்றாவது பெஞ்சில் அதன் பேத்தியே உட்கார்ந்திருக்கலாம். அதனால் குரலைக் கவனமாக வையுங்கள்.

நடிப்புப் பயிற்சி, 'அவர்', 'அவன்', 'அந்த ஆளு'

ஜோடி ஜோடியாக நடித்துப் பழகுவது இந்தத் தாளின் உயிர். ஆளுக்கு ஒரு சீட்டு, அதில் மூன்றே தகவல்: வயது, வேலை, இன்று காலை வீட்டில் நடந்தது ஒன்று. மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள். 12 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். முடிந்ததும் வேஷத்தைக் கழற்ற வேண்டும். ஒவ்வொருவரும் தன் பெயர், ஊர், காலையில் என்ன சாப்பிட்டேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், விட்டுவிடாதீர்கள். குடிகாரக் கணவனாக நடித்த ஒரு மாணவியின் கை, நடிப்பு முடிந்தும் டம்ளரைப் பிடித்த மாதிரியே மடங்கி இருந்ததை ஒரு முறை பார்த்தேன். அவ்வளவு துல்லியமாக நடிக்கிற பிள்ளை அதை எங்கே பார்த்தது என்று வகுப்பில் கேட்காதீர்கள். "இட்லி சாப்பிட்டேன், ரெண்டு" என்று அவள் சொன்ன பிறகுதான் விரல்கள் விரிந்தன.

இந்தப் பயிற்சியில் நான் அதிகம் கவனிப்பது, யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை. ஆங்கிலப் புத்தகத்தில் இந்தப் பாடம் இல்லை, அவர்களுக்கு ஒரே 'யூ'. நமக்கு அப்படியா? போன வருடம் ஒரு மாணவி, மனைவியாக நடித்தவளிடம் "சொல்லுங்கக்கா" என்றாள், கணவனிடம் "நீங்க சொல்லுங்க சார்". நான்காவது நிமிடத்திலேயே கணவன் கையைக் கட்டிக்கொண்டான். நிறுத்தி அவனைக் கேட்டேன். "அவங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க மிஸ், நான் ஆபீசுக்கு வந்தவன்" என்றான். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அக்கா என்றால் எதிரே அண்ணா. சார் என்றால் எதிரே மேடம். இரண்டும் சரிப்படாவிட்டால் முதலிலேயே கேட்டுவிடலாம்: "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" எப்படியானாலும் இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். கணவரை மட்டும் 'அண்ணா' என்று தொடங்கிவிட்டால் அவர் மனைவி முறைப்படி அண்ணி ஆகிவிடுகிறாள், அப்போது நீங்கள் கணவன் வீட்டு ஆள். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது சிரிப்பு இல்லை.

அதே மாதிரி, ஆலோசனைக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிச் சுட்டுகிறார்கள் என்பதை அட்சரம் பிசகாமல் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். மனைவி 'இவரு' என்று தொடங்குவாள். பத்து நிமிடத்தில் 'அவரு' ஆகும், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தூரம் போய்விட்டார். அப்புறம் 'அந்த ஆளு'. கோபம் உச்சத்தில் 'அவன்'. எப்போது மறுபடியும் 'இவரு' வருகிறது, அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் அந்த நாளின் முக்கியமான குறிப்பு. மாணவர்கள் இதையெல்லாம் 'வாடிக்கையாளர் தன் கணவர் மீது அதிருப்தி தெரிவித்தார்' என்று சலவை செய்து எழுதிக்கொண்டு வருவார்கள். திருப்பிக் கொடுங்கள்.

படுகர் வீட்டு ஜோடி என்றால் சூடு ஏறும்போது படுகுக்கு மாறிவிடுவார்கள். அந்த மொழி தெரியாத மாணவர் பதறி "என்ன பேசினீங்க?" என்று கேட்கக் கூடாது. கைகளையும் முகங்களையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இருவரும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசுகிறார்களே, குடும்ப சிகிச்சையின் இன்னொரு முன்னோடி சால்வடோர் மினுச்சின் குடும்பங்களை ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பேச வைக்கப் பாடுபட்டது அதற்குத்தான். இங்கே தானாகவே நடக்கிறது.

கண்ணாடி இல்லாத அறை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒருபக்கக் கண்ணாடி இருக்கும். மாணவர் உள்ளே, ஆசிரியர் கண்ணாடிக்குப் பின்னால். நிஜத் தம்பதிகள் வரும்போது நம்மிடம் இருப்பது ஒரு பழைய ஸ்டோர் ரூம், ஆறு நாற்காலி, சாரல் அடித்தால் சாத்த முடியாத ஜன்னல் ஒன்று. கவலை வேண்டாம். 1985இல் நார்வேயில் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சனும் அவர் குழுவும் அந்தக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டார்கள். பின்னால் இருந்த குழு பேசுவதைக் குடும்பம் பார்க்கவும் கேட்கவும் வைத்தார்கள். அதற்குப் பிறகு கண்ணாடியே கட்டாயம் இல்லை என்று ஆகிவிட்டது. நாங்கள் அதே அறையின் மூலையில் உட்காருகிறோம், நானும் இரண்டு மாணவர்களும். 40 நிமிடம் ஆனதும் மாணவ ஆலோசகர் நிறுத்துவார். நாங்கள் மூவரும் ஐந்து நிமிடம் எங்களுக்குள் பேசுவோம், தம்பதியைப் பார்க்காமல். "எனக்குத் தோணினது" என்றுதான் தொடங்க வேண்டும். யார் சரி, யார் தப்பு என்பது வரவே கூடாது. பிறகு தம்பதியிடம், "கேட்டதுல எது ஒட்டுச்சு, எது ஒட்டல?"

ஒரு எச்சரிக்கை. முன்கூட்டியே விளக்காமல் செய்தால் நம் ஆட்களுக்கு இது புறணி பேசுகிற மாதிரி இருக்கும். ஒருவர் கேட்டுவிட்டுச் சொன்னார், "எங்க ஊர்ப் பஞ்சாயத்துல கூட எங்க முன்னாடியே இப்படிப் பேச மாட்டாங்க." பாராட்டா, குறையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்தார்.

அடி இருந்தால்

பாடத்திட்டத்தில் இது கடைசி அலகில் இருக்கும். நீங்கள் முதல் களப்பணி நாளுக்கு முன்பே நடத்திவிடுங்கள். வருகிற எல்லா ஜோடியையும் முதல் முறை தனித்தனியாக 15 நிமிடம் பார்ப்பது வழக்கம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அடியும் பயமும் இருக்கிறது என்று தெரிந்தால் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது. அங்கே உண்மையைச் சொன்ன பெண், வீட்டுக்குப் போய் அதற்கு விலை கொடுப்பாள். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர், பெண்கள் உதவி எண் 181, ஒருங்கிணைந்த சேவை மையம், இவற்றை மாணவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். குழந்தை மேல் பாலியல் வன்முறை என்று தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், ரகசியக் காப்பு அங்கே பொருந்தாது. மாணவர் தனியாக முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானாலும் உங்களைக் கூப்பிட அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். உங்கள் போன் எடுக்கப்பட வேண்டும்.

நாமே பஞ்சாயத்தாகும் நேரம்

மேற்பார்வை மணி என்று வாரம் ஒன்று இருக்கும். மாணவி குறிப்பேட்டோடு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் பண்ணது சரிதானே மிஸ்?" என்பாள். நாக்கு நுனியில் தீர்ப்பு தயாராக இருக்கும்.

ஒரு சாயங்காலம், மழை, கோத்தகிரிக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எதிரே உட்கார்ந்த மாணவிக்கு ஒரு தம்பதியோடு மூன்று வாரமாக ஒரே இடத்தில் வண்டி நிற்கிறது. மாமியாரோடு தனிச் சமையலா, கூட்டுச் சமையலா என்பதுதான் சண்டை. பையை மாட்டிக்கொண்டே "இங்க பாரும்மா, முதல்ல அடுப்பைப் பிரிக்கச் சொல்லு, மத்தது தானா வரும்" என்றேன். மறுநாள் மூலையில் உட்கார்ந்து கேட்கிறேன், அந்த மனைவியிடம் இவள் சொல்கிறாள்: "இங்க பாருங்கக்கா, முதல்ல அடுப்பைப் பிரிங்க, மத்தது தானா வரும்." என் குரல், என் 'இங்க பாரு' உட்பட. கணவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அவளுக்கு வர்க்கி அபராதம் போட எனக்கு முகம் இல்லை. நாம் மாணவருக்குச் செய்வதை அவர் தம்பதிக்குச் செய்வார். அதனால் இப்போது "சரிதானே மிஸ்?" என்று வந்தால் நான் கேட்பது வேறு: "அந்த ரூம்ல யாரு உன்னைத் தன் பக்கம் இழுத்தது? நீ எந்தப் பக்கம் நகர்ந்த?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால், நேரமாகிவிட்டது, நாளைக்குப் பேசுவோம் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இதே மணியில் மாணவிகளின் சொந்தக் கதையும் வரும். இரண்டாம் ஆண்டில் பாதிப் பெண்களுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேளுங்கள், ஆனால் நீங்கள் அவளுக்குத் தெரபிஸ்ட் இல்லை. மதிப்பெண் போடுகிற கை அந்த வேலையைச் செய்யக் கூடாது. வெளியே ஒருவரைக் காட்டிவிடுங்கள்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று வருகிறவர்கள் மாணவியைக் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். "இல்லைங்க. அதனால எனக்குப் புரியாம போயிடுமோன்னு உங்களுக்கு இருக்கா?" இந்தப் பதிலைக் கண்ணாடி முன்னால் நின்று பத்து முறை சொல்லிப் பார்க்கட்டும்.

மலையில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். சனிக்கிழமை சந்தையில் காய் வாங்கும்போது எதிரே நிற்பார்கள். அதனால் முதல் நாளே சொல்ல வையுங்கள்: "வெளியே பார்த்தா நானா வந்து பேச மாட்டேன், நீங்க பேசினா பேசுவேன்." குறிப்பேட்டில் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அது துறை அலமாரியை விட்டு வெளியே போகக் கூடாது. வாட்ஸாப் குழுவில் ஒரு வார்த்தையும் கூடாது.

ஏப்ரல்

மாணவர்கள் தேர்வு எழுதிப் போய்விடுவார்கள், குடும்பம் இங்கேயேதான் இருக்கும். அதனால் பிப்ரவரியிலேயே முதலாண்டு மாணவர் ஒருவரை மூலை நாற்காலியில் உட்கார வையுங்கள். மார்ச்சில் அவர் ஒரு கேள்வி கேட்கட்டும். கடைசி இரண்டு சந்திப்பில் அவர் முன் நாற்காலிக்கு வரட்டும், பழையவர் மூலைக்குப் போகட்டும். 'அக்கா' என்றோ 'மேடம்' என்றோ பழையவர் எப்படிக் கூப்பிட்டாரோ, புதியவரும் அப்படியே தொடர வேண்டும், அதையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஊட்டி சீசன் தொடங்கினால் டாக்சி ஓட்டுகிறவர்களும் லாட்ஜில் வேலை செய்கிறவர்களும் வர மாட்டார்கள். அவர்களுக்கு ஜூன் முதல் வாரத்துக்கே தேதி போட்டு, கையில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.